மேசைக்கு அறையா, அறைக்கு மேசையா?

பழைய வீட்டின் மூலையில் படிப்பு மேசை போடுவது லேசான காரியம் இல்லை. பார்வைக்குச் சுவர் நேராகத்தான் தெரியும். மூலைமட்டத்தை வைத்துப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். பின்பக்கம் 4 அடி இருந்தால், முன்பக்கம் 2 அங்குலம் கூடியிருக்கும். அதனால் விவரம் தெரிந்த தச்சர் பின்னால், நடுவில், முன்னால் என்று மூன்று இடங்களில் அளப்பார். அட்டையை வெட்டி மூலையில் பொருத்திப் பார்த்த பிறகே பலகையில் ரம்பத்தை வைப்பார். பலகை கொஞ்சம் பெரிதாக இருந்தால் இழைத்துக்கொள்ளலாம். குறைந்துபோனால் என்ன செய்வது?

இந்த மேசைக் கணக்குக்கும் புதுச்சேரிக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. உலகப் புகழ்பெற்ற மரவேலைக் கலைஞர் ஜார்ஜ் நகாஷிமா, மேசை நாற்காலி வடிவமைப்பில் இறங்கியது இந்த ஊரில்தான்!

நகாஷிமா 1905-ல் அமெரிக்காவில் ஜப்பானியப் பெற்றோருக்குப் பிறந்தவர். படித்தது கட்டடக் கலை. டோக்கியோவில் அன்டோனின் ரேமண்ட் என்ற கட்டடக் கலைஞரிடம் வேலை பார்த்தார். அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியில், ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்துக்காக ஒரு தங்குமிடம் கட்டும் பொறுப்பு ரேமண்டுக்கு வந்தது. அதுதான் 'கோல்கொண்டா'. ஹைதராபாத் சமஸ்தானத்தின் சர் அக்பர் ஹைதரி வழியாக நன்கொடை கிடைத்ததால் அந்தப் பெயர். வேலையைக் கவனிக்க நகாஷிமா 1937-ல் இங்கு வந்தார். வந்தவர் ஆசிரமத்திலேயே சேர்ந்து, சம்பளமும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஸ்ரீ அரவிந்தர் அவருக்கு 'சுந்தரானந்தா' என்று பெயர் வைத்தார்.

கோல்கொண்டா கான்கிரீட் கட்டடம். அதன் நீண்ட முகங்கள் வடக்கும் தெற்கும் பார்த்தவை. சன்னலுக்குப் பதிலாகத் திருப்பக்கூடிய கிடைமட்டப் பலகைகள். அறைக்கதவோ இடைவெளி விட்டுச் சட்டங்கள் அடித்த தேக்குத் தள்ளுகதவு. காற்று உள்ளே வரும், பார்வை வராது. அறைக்குள் போடும் மரச்சாமான்களும் இந்த ஒழுங்குக்குள் அடங்க வேண்டும். அதாவது இங்கே அறை மாறாது, மரம்தான் அதற்கேற்ப மாற வேண்டும்.

1939-ல் நகாஷிமா இந்தியாவை விட்டுப் போனார். அடுத்த பாடம் கசப்பானது. அமெரிக்காவும் ஜப்பானும் போரில் இறங்கியதும், மேற்குக் கரையில் வாழ்ந்த சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினர் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். 1942-ல் நகாஷிமாவும் மனைவியுடனும் கைக்குழந்தையுடனும் ஐடஹோ மாநிலத்தின் மினிடோகா முகாமுக்கு அனுப்பப்பட்டார். அங்கே கென்டாரோ ஹிகோகாவா என்ற தச்சரிடம் ஜப்பானிய மரவேலையைக் கற்றார். கையில் இருந்தது மிச்ச மரத்துண்டுகள். இருக்க இடம், அவசரமாக அடித்த கொட்டகை. இடமும் அவர் தேர்ந்தெடுத்ததல்ல, மரமும் அவர் தேர்ந்தெடுத்ததல்ல. இரண்டையும் பொருத்தி, மனிதர் இருக்கக்கூடிய அறையாக்க வேண்டியிருந்தது.

1943-ல் அவரை வெளியே கொண்டுவர ஏற்பாடு செய்தவர் பழைய முதலாளி ரேமண்டேதான். பிறகு பென்சில்வேனியாவின் நியூ ஹோப் ஊரில் நகாஷிமா பட்டறை போட்டார். அங்கே கணக்கு தலைகீழானது. மரத்தின் கோணல் விளிம்பை வெட்டாமல் அப்படியே மேசையின் ஓரமாக்கினார். விரிசலை மறைக்காமல், அது மேலும் விரியாதபடி வண்ணத்துப்பூச்சி வடிவக் கட்டையைக் குறுக்கே பதித்தார். மற்றவர்கள் குறை என்று ஒதுக்கிய பலகைகள் அவரிடம் விலை உயர்ந்த மேசைகள் ஆயின. 1964-ல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்காகவும் அவர் மேசை நாற்காலிகள் வடிவமைத்தார். 1990-ல் காலமானார்.

கோல்கொண்டாவில் அறையை மாற்ற முடியாது. நியூ ஹோப்பில் மரத்தை மாற்ற அவருக்கு மனம் இல்லை. மினிடோகாவில் இரண்டையும் மாற்ற வழியில்லை. மூன்று இடத்திலும் முதல் வேலை ஒன்றுதான்: எதை மாற்ற முடியாதோ அதை முதலில் சரியாக அளப்பது.

வீட்டு மூலையில் அட்டையை வைத்துப் பார்க்கும் நம் தச்சரும் அதைத்தான் செய்கிறார். சுவர் கோணல் என்று அவர் சண்டை போடுவதில்லை. அந்தக் கோணலை அப்படியே அட்டையில் எடுத்துக்கொள்கிறார். மேசை பொருந்திவிடுகிறது.