பிள்ளை பெறக் கூடாத தீவு

மிக்கோனோஸின் பழைய துறைமுகத்தில் கோடைக்காலக் காலை நேரத்தில் இரண்டு கூட்டங்களைப் பார்க்கலாம். இரவெல்லாம் ஆடிக் களைத்து, அறைக்குத் திரும்ப டாக்சி தேடுகிறவர்கள் ஒரு பக்கம். டெலோஸ் தீவுக்குப் போகும் படகுக்காகத் தொப்பியும் தண்ணீர்ப் புட்டியுமாக நிற்பவர்கள் இன்னொரு பக்கம். டாக்சி நிற்கும் சதுக்கத்தில் ஒரு பெண்ணின் மார்பளவுச் சிலை இருக்கிறது. மாந்தோ மவ்ரொயெனூஸ், 1796இல் ட்ரியெஸ்டெ நகரில் பிறந்த வணிகர் வீட்டு மகள். 1821இல் தொடங்கிய கிரேக்க விடுதலைப் போரில் கப்பல்களுக்கும் படைக்கும் தன் சொத்தைச் செலவழித்தவர். புதிய அரசு அவருக்குக் கௌரவ லெப்டினன்ட் ஜெனரல் பதவி தந்தது. சொத்து திரும்பவில்லை. பாரோஸ் தீவில் வறுமையில் இறந்தார். பிற்காலத்தில் இரண்டு திராக்மா நாணயத்தில் அவர் முகத்தைப் பொறித்தார்கள். சதுக்கத்துக்கும் அவர் பெயர்தான். ஆனால் வழி கேட்டால் 'டாக்சி சதுக்கம்' என்றுதான் சொல்வார்கள்.

நான் இரண்டாவது கூட்டத்தில் நின்றேன். டெலோஸுக்கு அரை மணி நேரப் பயணம். மூன்றரைச் சதுர கிலோமீட்டர்கூட இல்லாத அந்தத் தீவில் இன்று யாரும் இரவு தங்க அனுமதியில்லை. மாலைக்குள் எல்லோரும் திரும்பிவிட வேண்டும். அங்கே ஒரு காலத்தில் இருந்த வேறொரு தடைக்காகத்தான் நான் போனேன்.

அந்தத் தீவின் புகழே ஒரு பிரசவத்தால் வந்தது. சேயுஸால் கருவுற்ற லீட்டோவுக்கு, ஹீராவின் கோபத்துக்கு அஞ்சி எந்த நிலமும் இடம் தரவில்லை. ஒன்றும் விளையாத பாறைத் தீவான டெலோஸ் மட்டும், தன்மேல் கோயில் எழும் என்று சத்தியம் வாங்கிக்கொண்டு சம்மதித்தது. ஒன்பது பகல், ஒன்பது இரவு வலி. பேறுகாலத் தெய்வமான எய்லிதியாவுக்குச் சேதி போகாமல் ஹீரா பார்த்துக்கொண்டாள். சுற்றியிருந்த பெண் தெய்வங்கள்தான் கழுத்தணி ஒன்றைத் தருவதாகச் சொல்லியனுப்பி அவளை வரவழைத்தார்கள். லீட்டோ பேரீச்ச மரத்தைக் கட்டிப்பிடித்து, மண்டியிட்டு, அப்போலோவைப் பெற்றாள். பிள்ளை பெற்ற எந்தப் பெண்ணும் அடையாளம் கண்டுகொள்ளக்கூடிய காட்சி இது: தாமதமாக வரும் மருத்துவச்சி, கைக்குக் கிடைத்ததைப் பற்றிக்கொள்ளும் உடல், சூழ்ந்து நிற்கும் பெண்கள். அந்த மரம் நின்றதாகச் சொல்லப்படும் புனித ஏரி இன்று வெறும் பள்ளம். மலேரியாவுக்குப் பயந்து 1920களில் வற்றவைத்துவிட்டார்கள். நடுவில் ஒரு பேரீச்சை நட்டிருக்கிறார்கள்.

கி.மு. 426இல் ஏதென்ஸ் இந்தத் தீவைத் 'தூய்மைப்படுத்தியது'. அங்கிருந்த கல்லறைகளையெல்லாம் தோண்டி, எலும்புகளையும் உடன்புதைத்த கலங்களையும் எதிரே இருக்கும் ரெனியா தீவுக்குக் கொண்டுபோனார்கள். இனி டெலோஸில் யாரும் சாகக் கூடாது, யாரும் பிள்ளை பெறவும் கூடாது. இரண்டுக்கும் ரெனியாவுக்குப் போக வேண்டும் என்று விதித்தார்கள். இதற்குத் தமிழில் சொல் தேடி அலைய வேண்டியதில்லை. தீட்டு. ஒரு தாய் பிள்ளை பெற்றதால் புனிதமான மண்ணில், மற்ற எல்லாத் தாய்மாரின் பிரசவமும் தீட்டானது.

துசிடிடீஸ் இதைச் சில வரிகளில் சொல்லிவிட்டு, விழாவுக்கும் குதிரைப் பந்தயத்துக்கும் போய்விடுகிறார். நான் அந்த வரிகளிலேயே நின்றுவிட்டேன். இரண்டு தீவுகளுக்கும் இடையிலுள்ள நீர் ஒரு கிலோமீட்டர் அகலம்கூட இல்லை. ஆனால் ஜூலை, ஆகஸ்டில் 'மெல்தேமி' என்னும் வடகாற்று வீசும்போது இன்றைய இயந்திரப் படகுகளே ஓடாமல் நின்றுவிடுவதுண்டு. நிறைமாதக்காரி எப்போது கிளம்பியிருப்பாள்? நாள் கணக்குப் பார்த்து முன்கூட்டியா, வலி எடுத்த பிறகா? குறைமாதத்தில் வலி வந்தவளை என்ன செய்தார்கள்?

தடை வந்து சில ஆண்டுகளில், ஏதென்ஸின் செல்வந்தத் தளபதி நிக்கியாஸ் திருவிழாவுக்காக அதே நீரின்மேல் ஒரே இரவில் பாலம் போட்டதைப் புளூடார்க் வியந்து எழுதியிருக்கிறார். பொன்முலாமும் சாயத்துணியும் மாலைகளுமாக அலங்கரித்த பாலம். விடிந்ததும் பாடகர் குழு ரெனியாவிலிருந்து டெலோஸுக்கு அதன்மேல் ஊர்வலமாக நடந்து போனது. பாலம் கட்ட முடியாமல் இல்லை.

இதை வெறும் பக்தி என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. ஏதென்ஸில் அப்போது கொள்ளைநோய். தெய்வத்தைச் சாந்தப்படுத்தவே இது நடந்தது என்று டியோடோரஸ் சொல்கிறார். இருக்கலாம். ஆனால் கூட்டணி நாடுகளின் கருவூலம் முன்பு இருந்ததும் இதே தீவில்தான், கி.மு. 454இல் ஏதென்ஸ் அதைத் தன் ஊருக்கு மாற்றிக்கொண்டது. தடை போட்ட நான்கே ஆண்டுகளில், தீவு மக்கள் அனைவரையும் தூய்மையற்றவர்கள் என்று வெளியேற்றியது. மறு ஆண்டு திரும்ப அழைத்துக்கொண்டது. உங்களில் ஒருவரும் பிறக்காத, ஒருவரும் புதைக்கப்படாத இடம் எப்படி உங்கள் தாய்நாடாகும் என்று ஸ்பார்ட்டாக்காரர் ஒருவர் டெலோஸ் மக்களைக் கேட்டதாகவும் புளூடார்க்கில் ஒரு கதை உண்டு. அவர் அதைக் குத்தலாகக் கேட்டிருக்கலாம். எனக்கு அது சட்டத்தின் உள்நோக்கத்தையே சொல்வதாகப் படுகிறது. ஒரு சமூகத்தை மண்ணிலிருந்து பிரிப்பதற்குப் பெண்ணின் பேறுகாலத்தில் கைவைப்பது போதுமானதாக இருந்திருக்கிறது.

டெலோஸில் பெயரோடு நிற்கும் பெண்களும் உண்டு. கி.மு. ஏழாம் நூற்றாண்டில் நக்சோஸ் தீவின் நிக்காந்திரே, ஆர்ட்டெமிஸுக்கு ஆளுயரப் பளிங்குச் சிலை ஒன்றைக் காணிக்கையாக்கினாள். பளிங்கில் செதுக்கிய அந்த அளவுச் சிலைகளில் நமக்குக் கிடைத்த மிகப் பழையவற்றுள் ஒன்று அது. இப்போது ஏதென்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் பாவாடை ஓரத்தில் அவளை அறிமுகப்படுத்தும் எழுத்தில் தகப்பன், சகோதரன், கணவன் என்று மூன்று ஆண்கள் வருகிறார்கள். ஆனாலும் வாசகம் தொடங்குவது அவள் பெயரில்தான். ஐந்நூறு ஆண்டுகள் கழித்து, ஏதென்ஸிலிருந்து வந்து குடியேறிய கிளியோபாட்ரா (எகிப்து அரசியல்ல) கணவனுக்குச் சிலை வைத்து, அருகில் தானும் நின்றுகொண்டாள். இரண்டு சிலைகளுக்கும் இன்று தலை இல்லை. கல்வெட்டில், சிலை வைத்தவள் என்று அவள் பெயர் இருக்கிறது.

அதே காலத்தில் இந்தத் துறைமுகம் ஒரே நாளில் பத்தாயிரம் அடிமைகளை இறக்கி, விற்று, அனுப்பக்கூடியதாக இருந்தது என்று ஸ்ட்ராபோ எழுதுகிறார். அவர்களில் கர்ப்பிணிகளும் இருந்திருப்பார்கள். அவர்களுக்குக் கல்வெட்டு இல்லை. கி.மு. 88இல் மித்ரடேட்டீஸின் தளபதி தீவைச் சூறையாடியபோது ஆண்களைக் கொன்று, பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாகப் பிடித்தான்.

பிற்பகலில் மிக்கோனோஸுக்குத் திரும்பி, துறைமுகத்துக்கு மேலே இருக்கும் சிறிய அருங்காட்சியகத்துக்குப் போனேன். ரெனியாவின் அந்தக் குழியிலிருந்து கிடைத்த கலங்களை வைப்பதற்காகவே கட்டிய கட்டடம் அது. வருகிறவர்கள் தேடி வருவதோ வேறொன்றை: 1961இல் ஊருக்குள் கிணறு தோண்டும்போது கிடைத்த, ஏழாம் நூற்றாண்டுத் தாழி. உயரம் சுமார் 1.35 மீட்டர். அதன் கழுத்தில் டிராய் மரக்குதிரை, சன்னல் சன்னலாக வீரர்களின் தலைகள். குதிரையின் மிகப் பழைய சித்திரங்களில் ஒன்று என்பதால் எல்லோரும் அதைப் படம் பிடிக்கிறார்கள். கழுத்துக்குக் கீழே, தாழியின் உடலில் வரிசை வரிசையாகக் கட்டங்கள். கட்டத்துக்குக் கட்டம் வாளோடு ஒருவன், எதிரே ஒரு பெண். சிலவற்றில் அவள் கையிலிருந்து குழந்தையைப் பறிக்கிறான். சிலவற்றில் அவள் கண்ணெதிரே குத்துகிறான். செய்தவன் குயவனோ வேறு யாரோ, கழுத்தில் ஒரே ஒரு காட்சிதான் வைத்திருக்கிறான். மீதி உடல் முழுவதையும் இந்தப் பெண்களுக்குத் தந்திருக்கிறான். அவற்றைப் பார்க்க வேண்டுமானால் குனிய வேண்டும். நான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, குதிரையைப் படம் பிடிக்க வந்த ஒருவர் சற்று நகரச் சொன்னார்.