சான்றிதழும் சோறும்: ஜெர்மனியில் அகதி மாணவரின் உயர்கல்வி

1951 ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையின் 22 ஆவது பிரிவு கல்வியை இரண்டாகப் பிரிக்கிறது. தொடக்கக் கல்வியில் அகதிக் குழந்தைக்கும் சொந்த நாட்டுக் குழந்தைக்கும் வேறுபாடு கூடாது. அதற்கு மேற்பட்ட படிப்பிலோ, பிற அயல்நாட்டவருக்குக் குறையாத நிலை கிடைத்தால் போதும். சான்றிதழ் ஏற்பு, கட்டணச் சலுகை, உதவித்தொகை ஆகியவற்றை அப்பிரிவு பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. படிக்கும் ஆண்டுகளில் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் மாணவர் எங்கே போவார் என்ற கேள்வி, உதவித்தொகை என்ற ஒரு சொல்லுக்குள் மறைந்துவிட்டது. 2015 க்குப் பின் ஜெர்மனிக்கு வந்த இளைஞர்கள் பலரைத் தடுத்தது சான்றிதழ்ச் சிக்கலைவிட இந்தக் கேள்விதான் என்பது என் வாதம்.

அலெப்போவில் கட்டடப் பொறியியல் இரண்டாம் ஆண்டோடு படிப்பை விட்டு வந்த ஒருவரை எண்ணிக்கொள்வோம். மதிப்பெண் பட்டியல் வீட்டோடு போயிற்று. பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கேட்டால் ஊரிலிருக்கும் பெற்றோருக்கு ஆபத்து. இந்நிலைக்குச் சட்டத்தில் வழி இருந்தது. ஆவணம் இல்லாத அகதியின் தகுதியையும் நியாயமாக மதிப்பிட வேண்டும் என்றது 1997 லிஸ்பன் உடன்படிக்கை. 2015 டிசம்பரில் ஜெர்மன் மாநிலக் கல்வி அமைச்சர்களின் மாநாடு அதற்கு மூன்று படிகளை வகுத்தது: அகதி நிலையைச் சரிபார்த்தல், சொல்லப்படும் கல்விப் பாதை நம்பத்தக்கதா என்று பார்த்தல், பிறகு தேர்வு. காகிதம் தொலையும் என்பதை அரசு புரிந்துகொண்டது. அந்த அளவில் பாராட்டலாம்.

அடுத்தது மொழி. அரசு நடத்தும் ஒருங்கிணைப்பு வகுப்பில் மொழிக்கு ஒதுக்கிய நேரம் வழக்கமாக 600 பாடவேளை. அதன் இலக்கு மொழித்திறனில் பி1 எனும் இடைநிலை. பெரும்பாலான பல்கலைக்கழகப் படிப்புகள் கேட்பதோ சி1 எனும் உயர்நிலை. கடைக்குப் போகவும் அலுவலகத்தில் விண்ணப்பம் நிரப்பவும் பி1 போதும். கட்டமைப்பியல் விரிவுரையைப் பின்தொடரப் போதாது. இவ்விடைவெளியை நிரப்ப, ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பு மத்தியக் கல்வி அமைச்சகத்தின் நிதியோடு 2016 இல் 'இன்டெக்ரா' திட்டத்தைத் தொடங்கியது. நல்ல திட்டம்தான். ஆனால் மொழி வகுப்பில் கழியும் ஆண்டுகளும் வயதில் சேர்கின்றன. 'பாஃபோக்' எனப்படும் அரசு மாணவர் உதவிக்கு 2022 வரை பொதுவான வயது வரம்பு, விலக்குகள் உண்டெனினும், 30 தான்.

உண்மையான முடிச்சு விழுந்தது சோற்றுப் பிரச்சினையில். அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் இல்லை என்பதால், செலவென்றால் வாழ்க்கைச் செலவே. அகதி நிலை உறுதியானவருக்கு பாஃபோக் கிடைக்கும். தஞ்ச விண்ணப்பத்தின் முடிவுக்குக் காத்திருப்பவருக்குப் பொதுவாகக் கிடைக்காது. சிரியர் பலருக்கு முடிவு விரைவில் வந்தது. இழுபறியில் கிடந்த ஆப்கானியர் போன்றோரே இங்கே அதிகம் சிக்கினர். அப்படிக் காத்திருப்பவர் முதல் 15 மாதம் குறைந்த உதவித் தொகையில் இருந்தார். அப்போது கல்லூரியில் சேர்ந்தாலும் அத்தொகை நிற்கவில்லை. 15 மாதம் முடிந்ததும் உதவி, பொதுச் சமூக உதவிச் சட்டத்தின் அளவுக்கு உயர்ந்தது. அந்தச் சட்டத்திலோ, பாஃபோக் பெறத்தக்க படிப்பில் இருப்பவருக்கு உதவி இல்லை என்று ஒரு விதி. படிப்பு தகுதியுடையது, படிப்பவர் தகுதியற்றவர். ஆகவே இரண்டு கதவும் சாத்தப்பட்டன. தொகையை உயர்த்துவதற்காக எழுதிய விதியே தொகையைப் பறித்தது! படிப்பை விட்டால் சோறு உண்டு.

யாரும் திட்டமிட்டு வைத்த பொறியல்ல இது. இரண்டு சட்டங்களை இரண்டு துறைகள் தனித்தனியே எழுதின; ஒன்றோடொன்று மோதுமிடத்தில் நின்றவர் வாக்குரிமை இல்லாதவர். 2019 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தம் இதைச் சரிசெய்தது. இதற்கிடையே குறைந்த தொகை தரும் முதற்கட்டக் காலம் 18 மாதமாகி, 2024 பிப்ரவரி முதல் 36 மாதமாக நீண்டது. இப்போது படிப்புக்குத் தடையில்லை. குறைந்த தொகையில் மூன்றாண்டு ஓட்டவேண்டும் என்பதே நிலை.

உலக அளவில் அகதி இளைஞரில் உயர்கல்வி பெறுவோர் 2019 இல் 3 சதவீதம். 2030 க்குள் 15 சதவீதம் என்பது ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் இலக்கு. இந்த அளவுகோல் சேர்ந்தவரை எண்ணுகிறது. அவர் வந்த நாளுக்கும் முதல் விரிவுரைக்கும் இடையே எத்தனை ஆண்டு கழிந்தது, அவ்வாண்டுகளில் அவரை யார் தாங்கினார் என்பது அதில் தெரியாது. சேர்க்கை எண்ணிக்கையோடு இந்த இடைக்காலத்தையும் பல்கலைக்கழகங்கள் பதிவுசெய்யத் தொடங்கினால்தான், எந்த விதி யாரை வெளியே நிறுத்துகிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.