முத்துக்குளித்துறைத் தெருக்களில் நடமாடும் உரிமை: காயல் முதல் உடன்குடி வரை

முத்துக்குளித்துறைக் கரையின் ஊர்களில் தெரு நெடுங்காலம் ஊர்ப்பொதுவாக இருந்ததில்லை. அது ஒரு சாதிக்கோ ஒரு பள்ளிவாசலுக்கோ ஒரு கோயிற்பற்றுக்கோ உரிய முற்றமாகவே இருந்தது. அதில் யார் நடக்கலாம், யார் ஒதுங்கி நிற்க வேண்டும், எந்த ஊர்வலம் நுழையலாம், பெண்கள் எவ்வழியே போய்வரலாம் என்பதெல்லாம் தெருவுக்குத் தெரு வேறுபட்டன. இந்த வேறுபாடுகள் பெரும்பாலானவற்றை உடன்குடியைச் சுற்றி ஒரு நாள் நடைத்தொலைவுக்குள் காணலாம். கடற்பக்கம் குலசேகரன்பட்டினமும் மணப்பாடும், உள்நாட்டுப் பக்கம் மெய்ஞ்ஞானபுரமும் செம்மணல் தேரியும், திருச்செந்தூரைத் தாண்டினால் காயல்பட்டினமும் இருக்கின்றன. மூடிய முற்றங்களாக இருந்த இத்தெருக்கள் எப்படி, எந்த அளவுக்குப் பொதுவழிகளாயின என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

இக்கரைக்கு வெளியார் வந்துபோனதைப் பற்றிய பழைய அயல்நாட்டுக் குறிப்புகளுள் ஒன்று காயலைப் பற்றியது. ஹோர்முஸ், கீஷ், ஏடன் ஆகிய துறைகளிலிருந்து குதிரைகள் ஏற்றிவந்த கப்பல்கள் காயலில் தங்கியதை, 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ குறிப்பிடுகிறார். அந்தக் காயல் தாமிரபரணி முகத்துவாரத்துப் பழையகாயலே என்பது மிஷனரி அறிஞர் கால்டுவெல்லின் முடிவு. காயல்பட்டினமே அது என்போரும் உண்டு. முகத்துவாரம் தூர்ந்து பழையகாயல் சிற்றூராகிவிட, காயல்பட்டினம் தெருக்களின் ஊராக நிலைத்தது. சதுக்கைத் தெரு, குத்துக்கல் தெரு, நெய்னார் தெரு, கொச்சியார் தெரு, பரிமார் தெரு என்று அங்கு ஒவ்வொரு தெருவுக்கும் தனி முகம் இருக்கிறது. ஊர்க்காரர் ஒருவர் தம்மை அறிமுகப்படுத்தும்போது வீட்டுப் பெயருக்கு முன் தெருப் பெயரைச் சொல்வது இன்றும் இயல்பு.

காயல்பட்டினத்துத் தெருவமைப்பின் தனித்தன்மை அதன் முடுக்குகளில் இருக்கிறது. வீடுகள் ஒடுக்கமாகவும் நீளமாகவும் கட்டப்பட்டவை. முன்வாசல் தெருவில் திறக்கும். பின்பகுதியோ பக்கவாசலோ முடுக்கு எனப்படும் குறுகிய சந்தில் திறக்கும். தெரு ஆண்களுக்கு, முடுக்கு பெண்களுக்கு என்பது எழுதப்படாத ஏற்பாடு. ஓர் ஆண் முடுக்குக்குள் நுழைய நேர்ந்தால் குரல் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். இதைப் பெண்களை ஒதுக்கிவைக்கும் ஏற்பாடாக மட்டும் படிப்பது அவசரம். இவ்வூரில் மணமானதும் பெண் தாய்வீட்டை விட்டுப் போவதில்லை. மணமகனே பெண்வீட்டுக்கு வருகிறான். வீடு பெண்மக்கள் வழியாகவே கைமாறுகிறது. ஆகவே முடுக்கின் இருபுறமும் தாயும் மகளும், அக்காளும் தங்கையும், சிற்றன்னையும் பெரியம்மாவும் வாழ்கிறார்கள். ஆண்கள் கொழும்புக்கும் கல்கத்தாவுக்கும் பிற்காலத்தில் வளைகுடாவுக்கும் வணிகத்துக்குப் போய்விட்ட மாதங்களில் ஊரின் உள்நடமாட்டம் முழுவதும் இந்தச் சந்துகளில்தான் நடந்தது. பெண்களுக்கென்றே தைக்காக்கள் எனப்படும் தனி வழிபாட்டுக்கூடங்கள் இருப்பதும் இதே ஒழுங்கின் தொடர்ச்சி. தெருவிலிருந்து பார்ப்பவருக்கு ஊர் வெறிச்சோடிக் கிடப்பதுபோல் தோன்றிய நடுப்பகல்களில் முடுக்குகள் நிறைந்திருந்தன.

முகம் தெரியாதவனாகக் கூட்டத்தில் கலந்து திரிபவனையே நகரத்தின் உண்மையான வாசகனாக ஐரோப்பிய நகரவியல் கொண்டாடியது. 1930களில் பாரிஸைப் பற்றி எழுதிய வால்டர் பெஞ்சமின் அந்த உருவத்தைப் புகழ்பெறச் செய்தார். முத்துக்குளித்துறையில் அப்படியொருவன் பத்தடி நடப்பதற்குள் “யாரு வீட்டுப் பிள்ளை?” என்ற கேள்வியைச் சந்தித்துவிடுவான். கேட்பவருக்குத் தேவை பெயர் அன்று. நடந்து வருபவன் எந்தத் தெருவுக்குச் சொந்தக்காரன் என்பதே. இங்கே தெருவைச் சுற்றிப் பார்ப்பது என்பதே உறவுமுறையால் வகுக்கப்பட்ட செயல்.

பரதவர் ஊர்களின் தெருவொழுங்கு வேறு வகையானது. 1530களில் போர்ச்சுக்கீசியர் பாதுகாப்பை நாடிய பரதவர் பெருந்தொகையாகக் கத்தோலிக்கம் தழுவினர். 1542இல் பிரான்சிஸ் சவேரியார் இக்கரைக்கு வந்தார். மணப்பாட்டில் 1581இல் எழுந்த திருச்சிலுவைக் கோயில் மணல்மேட்டின் மீது நிற்க, ஊர் அதன் கீழே பரந்தது. தூத்துக்குடியை 1658இல் டச்சுக்காரர் கைப்பற்றினர். 1825இல் அது முடிவாக ஆங்கிலேயர் வசமானது. கொடிகள் மாறியபோதும் தெருவின் நடுவம் மாறவில்லை. அங்கு 1713இல் கட்டப்பட்ட பனிமய மாதா கோயிலும் அதனருகே இருந்த சாதித்தலைவர் இல்லமும் கடற்கரைத் தெருவின் இரு துருவங்களாக இருந்தன. 1806இல் முதன்முதலாக ஓடிய பொன் தேர், இந்துக் கோயில் ரத வீதிகளின் இலக்கணத்தை மாதா கோயில் தெருக்களுக்குக் கொண்டுவந்தது. தேர் போகும் தெருவே ஊரின் தலைமைத் தெரு. அதில் வடம் பிடிப்பவரே ஊரின் உரிமைக்காரர். பிற சமூகத்தார் இவ்வூர்வலத்தில் கலந்துகொண்டது பின்னாளில் பரவலாயிற்று. 2013இலும் 2023இலும் பொன் தேர் ஓடியபோது அது நகரம் முழுவதன் விழாவாகவே இருந்தது.

கடற்கரையிலிருந்து உள்ளே வந்தால் தேரிப் பகுதியில் 19ஆம் நூற்றாண்டு வரை தெரு என்று சொல்லத்தக்கது அரிது. பனைகளுக்கிடையே சிதறிய குடிசைகளும், காற்றடிக்கும்போது இடம் மாறும் செம்மணலில் ஒற்றையடிப் பாதைகளும்தான் இருந்தன. ஆடிக் காற்றில் நேற்றைய தடம் இன்று இராது. இங்கே நேர்த்தெருவைக் கொண்டுவந்ததில் கிறித்தவ மிஷன்களுக்குப் பெரும் பங்கு உண்டு. துன்புறுத்தலுக்கு அஞ்சிய புதுக் கிறித்தவர்களுக்காக 1799இல் முதலூர் அமைந்தது. நெடுவிளை என்றிருந்த சிற்றூரில் மிஷனரி ஜான் தாமஸ் கிணறுகள் தோண்டி மரங்கள் வைத்து மெய்ஞ்ஞானபுரத்தை வளர்த்தார். அங்குள்ள தூய பவுல் கோயிலின் கோபுரம் 192 அடி உயரம். சென்னையிலிருந்து கால்நடையாகவே பயணம் செய்து 1841இல் இடையன்குடிக்கு வந்த கால்டுவெல், அவ்வூரை நேர்கோட்டுத் தெருக்களாக வகுத்து அமைத்தார். இத்தெருக்கள் நடக்கும் வசதிக்காக மட்டும் அமைந்தவை என்று கொள்வதற்கில்லை. மணியடித்ததும் கோயிலுக்கு வருபவர் யார், வராதவர் யார், பள்ளிக்குப் போகாத பிள்ளை யார் என்பது நேர்த்தெருவில் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். ஆயினும், அதுவரை பிற சாதியாரின் தெருவில் ஒதுங்கி நடந்த பனையேறிக் குடும்பங்களுக்கு, நிமிர்ந்து நடக்கத் தமக்கென ஒரு தெரு முதன்முறையாகக் கிடைத்தது. கண்காணிப்பும் கண்ணியமும் ஒரே தெருவில் வந்தன என்பதே சரியான மதிப்பீடு. உடன்குடியை ஒட்டியுள்ள கிறிஸ்தியாநகரமும் பெயரிலேயே அந்தக் காலத்தின் முத்திரையைக் கொண்டிருக்கிறது.

உடன்குடி இவ்வகைகள் எதிலும் சேராதது. அது சந்தையால் ஆன ஊர். பங்குனி முதல் ஆடி வரையிலான பதநீர்க் காலத்தில் சுற்றுப்புற விளைகளில் ஆண்கள் பனையேறிக் கலயத்தில் பதநீர் இறக்க, பெண்கள் விடிலி எனும் சிறுகுடிசையில் அதைக் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றிக் கருப்பட்டியாக்கினர். ஓலைப்பெட்டிகளில் அடைத்த அந்தச் சரக்கு தலைச்சுமையாகவும் மாட்டுவண்டியிலும் உடன்குடிக் கடைத்தெருவுக்கு வந்தது. சர்க்கரை ஆலையும் சாராயத் தொழிலும் நடத்திய பாரி நிறுவனத்தார் குலசேகரன்பட்டினத்தை நடுவமாகக் கொண்டு குறுகிய இருப்புப்பாதை ஒன்றை இயக்கினர். திருச்செந்தூரிலிருந்து உடன்குடி வழியாகத் திசையன்விளை வரை சென்ற அந்தச் சிறு ரயில் 1940 வரை ஓடியது.

சந்தைத் தெருவின் விதி முற்றத்தெருவின் விதிக்கு நேரெதிர். சரக்கு கொண்டுவருபவனைச் சாதி கேட்டு நிறுத்தினால் வணிகம் நடக்காது. நாடார் கடையும் முஸ்லிம் கடையும் அடுத்தடுத்து நிற்க, பரதவப் பெண்கள் கருவாட்டுக் கூடையோடு வந்து கருப்பட்டியும் அரிசியும் வாங்கிச் சென்றனர். ஆனால் இந்தத் திறப்பைப் பெரிதுபடுத்தவும் கூடாது. கடைத்தெருவிலிருந்து பிரியும் குடியிருப்புத் தெருக்கள் அவரவர் சமூகப்படியே அமைந்தன. பகலில் கலந்த கூட்டம் விளக்கு வைக்கும் நேரத்தில் தத்தம் தெருவுக்குப் பிரிந்து போயிற்று. உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயரை நாடெங்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது இந்தக் கடைத்தெருதான்.

தெருவில் நடக்கும் உரிமை நீதிமன்றம் ஏறிய இடம் தூத்துக்குடி மாவட்டத்தின் வடக்கில் உள்ள கழுகுமலை. அங்கு முருகன் கோயிலின் ரத வீதிகளில் ஊர்வலம் போகும் உரிமையை நாடார்கள் பல ஆண்டுகள் கோரினர். அவ்வீதிகள் கோயிலுக்கு உரியவை, பொதுவழி அல்ல என்ற வாதமே நீதிமன்றத்தில் வென்றது. தோற்றவர்களில் ஒரு பகுதியினர் கத்தோலிக்கம் தழுவி, தேர் வரும் வீதியிலேயே ஒரு வீட்டை வாங்கி வழிபாட்டிடமாக்கினர். 1895 பங்குனி உத்திரத் தேரோட்டத்தின்போது மூண்ட கலவரத்தில் இரு தரப்பிலும் உயிர்கள் போயின. ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969இல் வெளியிட்ட நாடார் சமூக வரலாற்றில் இந்த நிகழ்ச்சி விரிவாகப் பேசப்படுகிறது. மதத்தை மாற்றிக்கொண்டாவது தெருவில் இடம் பிடிக்க முனைந்தார்கள் என்பதிலிருந்து, அன்று ஒரு வீதியின் மதிப்பு எவ்வளவு என்பது புலப்படும். திருவிதாங்கூரில் 1924இல் தொடங்கிய வைக்கம் போராட்டமும் கோயிலுக்குள் நுழைவதற்காக எழுந்ததன்று. கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடப்பதற்காக எழுந்தது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்பின் 15ஆம் பிரிவு, கிணறு, குளம், படித்துறை ஆகியவற்றோடு சாலையையும் பெயர் சொல்லிப் பட்டியலிட்டுள்ளது. அந்தச் சொல்லுக்குப் பின்னால் கழுகுமலையும் வைக்கமும் நிற்கின்றன.

தூத்துக்குடி நகரில் தெரு பொதுவானதற்குக் காரணங்கள் வேறு. பருத்தி ஏற்றுமதி கிரேட் காட்டன் சாலையை உருவாக்கியது. 1876இல் ரயில் வந்தது. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு இலங்கைப் பயணம் தனுஷ்கோடி வழியாக மாறும் வரை, கொழும்புக் கப்பலுக்கு வரும் பயணிகள் இந்நகரத் தெருக்கள் வழியாகவே துறைக்குப் போயினர். ஆலையும் கிட்டங்கியும் சங்கொலியாலும் கூலிநாளாலும் தெருவின் நேரத்தை மாற்றியமைத்தன. 1906இல் வ.உ. சிதம்பரனாரின் சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவானது. 1908 பிப்ரவரி 27இல் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கியது. கடற்கரைக் கூட்டங்களுக்குத் தொழிலாளரும் வக்கீல்களும் வண்டிக்காரரும் ஒருசேர வந்தது இந்நகர வாழ்வில் புதிது. மார்ச் 12இல் சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் கைதானதும் கடைகள் அடைக்கப்பட்டன. சாதித் தெருக்களுக்கு அப்பால் தெருவுக்கு அரசியல் பயன் ஒன்று உண்டு என்பதை இக்கரை அப்போதுதான் கண்டது. அதே நகரில் 2018 மே 22 அன்று ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிராக மாவட்ட ஆட்சியர் அலுவலகம் நோக்கி மக்கள் திரண்டு நடந்தபோது, காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தனர்.

அன்றாட வாழ்வில் இவற்றைவிட ஆழ்ந்த மாற்றத்தைத் தண்ணீர் செய்தது. தூத்துக்குடி நகராட்சித் தலைவராக இருந்த குரூஸ் பர்னாந்து 1927இல் வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீரைக் குழாயில் கொண்டுவந்தார். தெருக்குழாயடி பெண்கள் கூடும் புதிய பொதுவிடமானது. குடம் வைத்த வரிசையில் யார் முன், யார் பின் என்ற சண்டையும் கூடவே வந்தது.

இக்கரையின் தெருக்கள் எல்லாம் ஒருசேரத் திறந்துகொள்ளும் காலம் ஒன்று உண்டு: குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசரா. விரதமிருந்து காப்புக் கட்டிய அடியவர்கள் காளி, அரசன், போலீஸ்காரர், குறவன், குறத்தி, கரடி, பிச்சைக்காரர் என வேடமிட்டு, மேளதாளத்தோடு ஊர் ஊராகச் சென்று வீட்டுவாசலில் நின்று காணிக்கை கேட்பர். சேர்ந்த பணம் விசயதசமி நாளில் கோயிலுக்குச் செலுத்தப்படும். அன்றிரவு கடற்கரையில் சூரசம்காரம். உடன்குடிக் கடைத்தெருவில் இந்த நாட்களில் ஒரு காளி போனால் அடுத்த காளி வருகிறாள். வேடம் புனைந்தவரிடம் “யாரு வீட்டுப் பிள்ளை?” என்று எவரும் கேட்பதில்லை, பெண் வேடமிட்ட ஆணைத் தாயே என்றுதான் அழைக்கிறார்கள். வசதி படைத்தவரும் நேர்த்திக்கடனுக்காகப் பிச்சை எடுப்பதால் கொடுப்பவன், வாங்குபவன் என்ற மேல்கீழும் பத்து நாள் குழம்பிப் போகிறது. அண்மைக் காலத்தில் குழுக்கள் பெருத்து, வேனும் ஒலிபெருக்கியும் சாதி அடையாளமிட்ட கொடியும் பனியனும் தலைகாட்டியதால், அத்தகைய அடையாளங்களுக்கு நிருவாகம் தடைவிதிக்க நேர்ந்தது. விழா தெருவைத் திறந்தாலும் தெரு தன் பழைய கணக்கைத் தேடிக்கொண்டுதான் இருக்கிறது.

தெருப் பெயர்களிலிருந்து சாதி ஒட்டுகளை நீக்கும் முயற்சி தமிழ்நாட்டில் 1970களின் இறுதியிலேயே தொடங்கியது. 2025 அக்டோபரில் அரசு இதற்குப் புதிய ஆணை வெளியிட்டது. மற்றொரு புறம், 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, தெரு, முடுக்கு என்ற பிரிவுகள் அனைத்தும் தண்ணீருக்கடியில் போயின. சாலைகளும் இருப்புப்பாதையும் அறுபட்டு, திருச்செந்தூரிலிருந்து புறப்பட்ட ரயில் பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. மாவட்டத்தின் உள்ளூர்களில் சிக்கியவர்களை மீட்கக் கடற்கரை மீனவர்கள் தங்கள் படகுகளோடு தெருக்களுக்குள் வந்தனர்.

இக்கரையில் இப்போது போடப்படும் புதிய சாலைகளில் பல, பழைய முற்றத்தெருக்களைவிட இறுக்கமானவை. உடன்குடி அனல் மின் நிலையம் கள்ளாமொழிக் கடலோரத்தில் தலா 660 மெகாவாட் திறனுள்ள இரு அலகுகளோடு அமைகிறது. குலசேகரன்பட்டினத்தில் 2,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தில் சிறு ராக்கெட்டுகளுக்கான ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28இல் அடிக்கல் நாட்டப்பட்டது. இலங்கையின் மேல் பறக்காமல் நேர்தெற்கே ஏவ முடியும் என்பதால் இந்தக் கரை தேர்ந்தெடுக்கப்பட்டது. இத்தகைய வளாகங்களின் உள்சாலைகளில் நடக்க எந்தத் தெருவைச் சேர்ந்தவர் என்பதும் யார் வீட்டுப் பிள்ளை என்பதும் பொருட்டல்ல. வாயிலில் காட்டும் அனுமதிச் சீட்டே போதும், அது இல்லாதவருக்குப் பனங்காட்டு ஒற்றையடிப் பாதையும் அந்த எல்லையோடு முடிந்துவிடுகிறது.