இரண்டாவது பட்ஜெட் உரை

அன்றெல்லாம் பட்ஜெட் வாசிப்பு மாலை ஐந்து மணிக்கு. டெல்லியில் நிதியமைச்சர் பேசி முடித்த சில நாட்களில், பம்பாயில் இன்னொரு பட்ஜெட் உரைக்குக் கூட்டம் சேரும். பேசுபவர் வழக்கறிஞர் நானி பால்கிவாலா.

அந்தப் பேச்சுக்குத் தேவை இருந்தது. 1957இல் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி செல்வ வரி, செலவு வரி என்ற இரண்டு புதுமைகளைக் கொண்டுவந்தார். இங்கிலாந்துப் பொருளாதார நிபுணர் நிக்கோலஸ் கால்டாரின் பரிந்துரை அது. சாதாரண வியாபாரிக்குத் தலைசுற்றியது.

மறு ஆண்டே, 'ஃபோரம் ஆஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ்' அமைப்பின் சார்பில் கிரீன்ஸ் ஹோட்டலின் சிறு கூடத்தில் பால்கிவாலா பட்ஜெட்டைப் பிரித்துப் பேசினார். மூத்த வழக்கறிஞர் சர் ஜம்ஷெட்ஜி காங்காவுடன் சேர்ந்து அவர் எழுதிய வருமான வரி நூல் 1950லேயே வெளிவந்திருந்தது. பேசும்போது கையில் குறிப்புத் தாள் கிடையாது. எண்களெல்லாம் நினைவிலிருந்தே வந்து விழும்.

ஆண்டுக்கு ஆண்டு கூட்டம் பெருகியது. கூடங்கள் போதாமல் கடைசியில் பிரேபோர்ன் கிரிக்கெட் மைதானத்துக்கே போனார்கள். பிற நகரங்களிலும் பேசினார். உரைகள் சிறு நூல்களாகவும் வந்தன.

1970களின் தொடக்கத்தில் வருமான வரியின் உச்ச விகிதம் 97.75 சதவீதம். நூறு ரூபாயில் இரண்டேகால் ரூபாய்தான் மிச்சம். இத்தகைய வரிகளையும், ஓயாத சட்டத் திருத்தங்களையும் அவர் விடாமல் சாடினார். அவர் சுதந்திரச் சந்தையின் பக்கம் நின்றவர்; சோஷலிசத் திட்டமிடலை ஆதரித்தவர்களுக்கு அந்தக் கோணம் ஒப்பவில்லை.

1994இல் பட்ஜெட் உரை வழக்கத்தை நிறுத்திக்கொண்ட பால்கிவாலா, 2002 டிசம்பரில் காலமானார்.