முரலொலியும் மூன்றாங் கம்பியும்: மின்கிற்றார் வரலாற்றில் ஒரு நோக்கு

மின்கிற்றாரின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் அதன் முழக்கத்தின் வரலாற்றையே எழுதியுள்ளனர். கலைஞன் தந்தியைத் தொடாதிருக்கும் வேளையில், அவன் பின்னே நிற்கும் விரியலாக்கி தானாகவே எழுப்பும் முரலொலியை அடக்குவதற்கு நடந்த நெடுநாள் முயற்சி அத்துணைக் கவனத்தைப் பெறவில்லை. ஒரு கிற்றாருக்கு ஒரு விரியலாக்கி என்றிருந்த காலத்தில் அம்முரலொலி ஒரு தொல்லை மட்டுமே. இடமும் வலமுமாக இரண்டு விரியலாக்கிகளை ஒரே கிற்றாரோடு இணைத்து, ஸ்டீரியோ முறையில் வாசிக்கும் வழக்கம் ஏற்பட்ட பின்னரோ அது உயிராபத்தோடும் பிணைந்த ஒரு பிரச்சினையாயிற்று. அப்பிணைப்பு எவ்வாறு நேர்ந்தது என்பதே ஈண்டு ஆராயப்படுகின்றது.

1930களின் அமெரிக்க நடன இசைக்குழுக்களில் ஊதுகருவிகளுக்கிடையே கிற்றாரின் நாதம் அமிழ்ந்து போயிற்று. இக்குறையைப் போக்க முனைந்தவர்களுள் ஜோர்ஜ் போச்சாம் முதன்மையானவர். அவர் 1931இல் உருவாக்கிய காந்த 'பிக்கப்' றிக்கன்பக்கர் கிற்றாரில் இடம்பெற்றது. அதற்கான காப்புரிமை 1937இல் கிடைத்தது. தத்துவம் எளியது. காந்தப்புலத்தில் உருக்குத் தந்தி அதிரும்போது, அருகிலுள்ள கம்பிச்சுருளில் மின்னோட்டம் தூண்டப்படுகின்றது. அதனை விரியலாக்கி பன்மடங்காக்குகின்றது. பரடே 1831இல் கண்ட மின்காந்தத் தூண்டலே இதன் அடிப்படை.

ஆனால் சுருளுக்குத் தந்தியின் அதிர்வு எது, அறையிலுள்ள மின்கம்பிகளின் காந்தப்புலம் எது என்று பகுத்தறியும் ஆற்றல் இல்லை. அமெரிக்காவில் வழங்கும் ஆடலோட்டம் செக்கனுக்கு 60 முறையும், பிரித்தானியாவிலும் இலங்கையிலும் வழங்குவது 50 முறையும் அலைகின்றது. அந்த அலைவும் அதன் மடங்குகளுமே முரலொலியாகக் கேட்கின்றன. கிற்றாரைக் கேட்கச் செய்த அதே தூண்டல் முரலொலியையும் கூடவே கொணர்ந்தது எனலாம்.

முதலாவது பரிகாரம் சுருளிலேயே தேடப்பட்டது. கிப்சன் கம்பனியில் பணிபுரிந்த செத் லவர் 1955இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த 'ஹம்பக்கர்' இரு சுருள்களைக் கொண்டது. அவை எதிரெதிர்த் திசைகளில் இணைக்கப்பட்டு, எதிரெதிர்க் காந்த முனைவுகளைப் பெற்றிருந்தன. புறத்தேயிருந்து வரும் முரலொலி இரு சுருள்களிலும் எதிர்மாறாகத் தோன்றித் தம்முள் அழியும். தந்தியின் சைகையோ ஒன்றுகூடும். 1957 முதல் இது கிற்றார்களில் பொருத்தப்பட்டது. ஏறத்தாழ அதே காலத்தில் ரே பட்ஸ் என்பவரும் கிறெச் கம்பனிக்கு இத்தகையதொரு பிக்கப்பை அமைத்துக் கொடுத்தார்.

பரிகாரம் கிடைத்த வேளையிலேயே புதிய சிக்கலும் முளைத்தது. ஸ்டீரியோ ஒலிப்பதிவின் அடிப்படைகளை அலன் புளும்லின் 1931இலேயே பிரித்தானியக் காப்புரிமை விண்ணப்பத்தில் வகுத்திருந்த போதிலும், ஸ்டீரியோ இசைத்தட்டுக்கள் சந்தையில் பரவியது 1958 அளவிலேயே. கிற்றார்க் கம்பனிகளும் அந்த அலையில் இறங்கின. கிறெச் 1958இலும், கிப்சன் தனது ஈ.எஸ்.-345 மூலம் 1959இலும், றிக்கன்பக்கர் சற்றுப் பின்னரும் ஸ்டீரியோ கிற்றார்களை வெளியிட்டன. கிப்சனின் முறையில் கழுத்தருகேயுள்ள பிக்கப்பின் சைகை ஒரு விரியலாக்கிக்கும், பாலத்தருகேயுள்ளதன் சைகை மற்றொன்றுக்கும் சென்றது. இவ்வேற்பாடு கலைஞரிடையே பெருவரவேற்புப் பெறவில்லை. பலர் ஸ்டீரியோ இணைப்பைக் கழற்றிவிட்டே வாசித்தனர். தோல்வியுற்ற வணிகப் புதுமை என இதனை ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் ஒரே கலைஞனின் கையிலிருந்து இரு வேறு மின்கருவிகளுக்குக் கம்பி செல்லும் நிலை இங்குதான் ஒரு வடிவம் பெற்றது என்பதால் இது கருதத்தக்கதே.

அன்றைய அமெரிக்க விரியலாக்கிகள் பல இரு முனைச் செருகிகளையே கொண்டிருந்தன. அவற்றின் உலோகச் சட்டத்தைப் புவியோடு இணைக்கும் மூன்றாங் கம்பி இல்லை. மாறாக, முரலொலியைக் குறைப்பதற்கென மின்வழங்கலின் ஒரு கம்பியைச் சட்டத்தோடு இணைக்கும் சிறு கொள்ளளவி ஒன்று வைக்கப்பட்டிருந்தது. பிற்காலத் திருத்துநர்கள் அதற்கு இட்ட பெயர் 'மரணக் கொள்ளளவி'. அது பழுதுற்றுக் கடத்தத் தொடங்கினால் சட்டம் முழுவதும் 120 வோல்ற்று ஏறும். கிற்றாரின் தந்திகளும் அச்சட்டத்தோடே இணைந்தவை. கலைஞனின் உடல் பற்றிக்கொள்ளும் இரைச்சலைத் தணிப்பதற்காகவே அவ்விணைப்புச் செய்யப்பட்டது. ஆகவே அமைதியை நாடிச் செய்த ஏற்பாடுகளே கலைஞனின் விரல்களை மின்சுற்றின் ஓர் உறுப்பாக்கின. அவனது உதடுகள் வேறொரு கருவியோடு இணைந்த மைக்கிறபோனைத் தொட்டால், சுற்று அவன் நெஞ்சின் ஊடாகப் பூர்த்தியாகும். ஓர் அம்பியரின் பத்திலொரு பங்கு மின்னோட்டம் இதயத்தை நிறுத்தப் போதுமானது.

1960களின் பிற்பகுதியில் மூன்று முனைச் செருகி அங்கே பொதுவாயிற்று. சட்டம் புவியோடு இணைந்தது. பழுது நேரின் உருகி எரிந்து மின் தடைப்படும். ஆனால் இப்பாதுகாப்பே இரு விரியலாக்கி வைத்திருந்தவனுக்குப் புதியதொரு முரலொலியைத் தந்தது. இரு சட்டங்களும் புவிக்கம்பிகளால் ஒருமுறை இணைந்துள்ளன. கிற்றாரிலிருந்து செல்லும் சைகைக் கம்பிகளின் உறைகளால் மறுமுறையும் இணைகின்றன. இதனால் மூடிய வளையம் ஒன்று உருவாகின்றது. சூழவுள்ள காந்தப்புலம் அவ்வளையத்தில் மின்னோட்டத்தைத் தூண்ட, இரு சட்டங்களுக்குமிடையே சிறு அழுத்த வித்தியாசம் தோன்றிச் சைகையோடு கலக்கின்றது. மில்லிவோல்ற்றளவான இவ்வித்தியாசம் விரியலாக்கியின் ஊடாக மண்டபம் நிறைக்கும் ஓசையாகின்றது. இரு சுருள் பிக்கப்பும் இதற்கு மருந்தாகாது. ஏனெனில் இவ்விரைச்சல் நுழைவது பிக்கப்புக்கு அப்பால்.

வளையத்தை வெட்டினால் முரலொலி நிற்கும். வெட்டுவதற்கு மிக எளிய இடம் செருகியின் மூன்றாவது முனை. குறடொன்று போதும், செலவில்லை, பலன் கணப்பொழுதில் காதிற்குத் தெரியும். இம்முறை மேடைகள்தோறும் பரவியதில் வியப்பில்லை. முரலொலி ஒவ்வொரு நொடியும் முறையிடும். இல்லாத புவித்தொடுப்போ பழுது நேரும் நாள்வரை வாய்திறவாது.

1972 மே 3ஆந் திகதி, வேல்சிலுள்ள சுவான்சி நகர மேடையில், 'ஸ்ரோன் த குறோஸ்' என்னும் ஸ்கொத்துலாந்துக் குழுவின் கிற்றார்க் கலைஞர் லெஸ் ஹார்வி, சரிவரப் புவித்தொடுப்பில்லாத மைக்கிறபோனைத் தொட்டு, கூடியிருந்த அவையோர் கண்ணெதிரே மின் தாக்கி மாண்டார். 1976 மே மாதத்தில் 'யாட்பேட்ஸ்' குழுவின் முன்னாட் பாடகர் கீத் றெல்வ் தம் இல்லத்தில் மின்கிற்றார் வாசிக்கையில் இறந்தார். அங்கும் புவித்தொடுப்பின் குறையே காரணமாகக் கூறப்பட்டது. இவை முரலொலிக்காகக் கம்பியைத் துண்டித்ததன் விளைவுகள் என்று கூறுவதற்கில்லை. ஆயினும் துண்டிக்கப்பட்ட கம்பி எந்த நிலைமையை உண்டாக்கும் என்பதை அவை ஐயத்திற்கிடமின்றிக் காட்டின.

பிரச்சினையையே தவிர்த்த வழியொன்று யப்பானிலிருந்து வந்தது. 1975இல் றோலண்ட் கம்பனி வெளியிட்ட ஜே.சி.-120, 60 வாற்று வலுவுடைய இரு விரியலாக்கிகளையும் இரு ஒலிபெருக்கிகளையும் ஒரே பெட்டியில், ஒரே மின்கம்பியில் அடக்கியது. ஒரு புறம் இயல்பான நாதமும், மறுபுறம் சற்றே அலையும் நாதமும் எழுந்து, அறையின் காற்றிலே கலந்தன. சட்டம் ஒன்றே ஆதலின் வளையமும் இல்லை.

வெவ்வேறு இயல்புடைய விரியலாக்கிகளை விரும்பியோருக்கு இது நிறைவளிக்கவில்லை. 1990களில் எடி வான் ஹேலன் போன்றோர் நடுவில் இயல்பான நாதமும் இருமருங்கும் எதிரொலியுமாக மூன்று தொகுதிகளைப் பயன்படுத்தினர். இத்தகைய அமைப்புக்களுக்கு உரிய விடை, வளையத்தைச் சைகையின் பக்கத்தில் வெட்டுவதே. சைகைக் கம்பியின் இடையே 1:1 விகித நிலைமாற்றி ஒன்றை வைத்தால், இரு பக்கங்களுக்கும் உலோகத் தொடர்பின்றியே இசை கடந்து செல்லும். புவிக்கம்பிகள் அனைத்தும் செருகிகளில் அப்படியே இருக்கும். இரண்டு விரியலாக்கிகளுக்கு ஒரு நிலைமாற்றி, மூன்றுக்கு இரண்டு. ஒன்று மட்டும் நேரே இணைந்திருக்க வேண்டும், இன்றேல் கிற்றாரின் தந்திகள் புவித்தொடுப்பை இழக்கும். கருவிகள் யாவற்றுக்கும் ஒரே பலகையிலிருந்து மின்னெடுத்தல் மேலும் நலம். ஒரு விரியலாக்கி சைகையைத் தலைகீழாக்குவதாயின் தாழ்ந்த சுரங்கள் மெலிந்துவிடும். நிலைமாற்றியின் இரு முனைகளை மாற்றி இணைத்தால் அக்குறையும் நீங்கும்.

குறடு செலவின்றிச் செய்ததை நிலைமாற்றி பணம் பெற்றுச் செய்கின்றது. அதன் தாமதமான வரவுக்கு இதுவே போதிய விளக்கம். வளையம் இவ்வாறு அகன்ற பின்னரும் ஒற்றைச் சுருள் பிக்கப்பின் பழைய முரலொலி எஞ்சியே நிற்கும். அதன் தெளிந்த நாதத்தைக் கைவிட மனமில்லாத கலைஞர், பாட்டுக்குப் பாட்டு இடைவெளியில் மேடையிலே மெல்லத் திரும்பி, சுருள் காந்தப்புலத்தை மிகக் குறைவாகப் பற்றும் கோணத்தைத் தேடி நிற்கின்றனர்.