அடிதடி வழக்கில் எதிர்க்கோரிக்கை

தன்னை அடித்தவரிடம் பண இழப்பீடு கேட்டு ஒருவர் உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகிறார். எதிராளியோ, “அடிபட்டவன் நான்தான், பணம் எனக்குத்தான் வரவேண்டும்” என்று அதே வழக்குக்குள் திருப்பிக் கேட்கிறார். இந்தத் திருப்பிக் கேட்டலுக்குப் பெயர் எதிர்க்கோரிக்கை. இந்தியாவில் இதற்கு இடம் தருபவை, 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம் 8-ஆம் கட்டளையில் உள்ள 6ஏ முதல் 6ஜி வரையிலான விதிகள். இவை முதலிலிருந்தே அங்கு இருந்தவை அல்ல. 1976-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்ந்து, 1977 பிப்ரவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தன. அதற்கு முன்பு எதிர்க்கோரிக்கை என்றொரு விதியே சட்டத்தில் இல்லை. ஆனாலும் அதைத் தனி எதிர்வழக்காகப் பாவித்து விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1963-இல் லட்சுமிதாஸ் தயாபாய் கப்ரவாலா வழக்கில் வழிவிட்டிருந்தது.

மணப்பாடு, தூத்துக்குடி மாவட்டம் திருச்செந்தூர் வட்டத்தில் மன்னார் வளைகுடாவை ஒட்டிய பரதவர் ஊர். 1542-இல் வந்த பிரான்சிஸ் சவேரியார் தங்கிய குகையும், 1581-இல் எழுந்த திருச்சிலுவைக் கோவிலும் மணற்குன்றின் மேல் இருக்கின்றன. கீழே கரையில் வள்ளங்கள் ஏறும், மீன் ஏலம் போகும். விதிகளை விளக்க அந்தக் கரையை ஒரு கற்பனைச் சம்பவத்துக்குக் களமாக்கிக்கொள்வோம். சட்டப் புத்தகங்கள் ‘அ’, ‘ஆ’ என்று ஆட்களை வைத்து எடுத்துக்காட்டுச் சொல்வதைப் போன்றதுதான் இது, நடந்த கதை அல்ல. மூத்தவர் ஒருவரின் வலையை இளையவர் ஒருவரின் வள்ளத்து எஞ்சின் அறுத்துவிடுகிறது. ஏலம் நடக்கும் இடத்தில் பேச்சு முற்றுகிறது. மூத்தவர் துடுப்பை ஓங்குகிறார், இளையவர் முகத்தில் குத்துகிறார், துடுப்பும் இறங்குகிறது. மூத்தவருக்குப் பல் போயிற்று, இளையவருக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்தது.

காவல் நிலையத்தில்

நடைமுறையில் இத்தகைய சண்டை முதலில் போய்ச் சேரும் இடம் காவல் நிலையம், அதற்கும் முன்பு அரசு மருத்துவமனை. யார் முந்திக்கொண்டு போய்க் கட்டிலில் படுக்கிறார்கள் என்பதில் ஒரு போட்டியே நடக்கும். “தெரிந்த நபர்கள் இருவர் கையால் தாக்கியதாக” என்று மருத்துவர் விபத்துப் பதிவேட்டில் எழுதும் ஒற்றை வரி பின்னால் எல்லா நீதிமன்றத்துக்கும் வந்து சேரும். இரு தரப்பும் புகார் கொடுத்தால் அது ‘கேஸ், கவுண்டர் கேஸ்’ ஆகிறது. இரண்டையும் சேர்த்தே விசாரித்து, முதலில் வலியப் போனவர் யார் என்று கண்டு அவர்மீது குற்றப்பத்திரிகை வைக்கவேண்டும், இரண்டுமே உண்மையல்ல என்று கண்டால் இரண்டையுமே முடித்துவிடவேண்டும் என்பது 588-ஏ என்ற எண்ணால் வழக்கறிஞர்கள் குறிப்பிடும் காவல் நிலையாணையின் சாரம்.

இரண்டுமே நீதிமன்றத்துக்குப் போனால் ஒரே நீதிபதி, ஒன்றன்பின் ஒன்றாக விசாரிக்கவேண்டும். சென்னை உயர் நீதிமன்றம் இதை 1929-இலேயே சொன்னது. நத்தி லால் வழக்கிலும் (1990) சுதிர் வழக்கிலும் (2001) உச்ச நீதிமன்றம் மேலும் வரையறுத்தது: முதல் வழக்கின் வாதம் முடிந்ததும் தீர்ப்பை ஒத்திவைத்து, அடுத்ததையும் கேட்டபின் இரண்டுக்கும் ஒரே நேரத்தில் தீர்ப்பு எழுதவேண்டும், ஒன்றின் சாட்சியத்தை மற்றதற்கு எடுத்துக்கொள்ளக்கூடாது.

உரிமையியல் எதிர்க்கோரிக்கை இதற்கு நேர்மாறு. அங்கே வழக்கு எண் ஒன்றுதான், சாட்சிக் கூண்டும் ஒன்றுதான். மூத்தவரின் சாட்சி சொன்னது இளையவரின் கோரிக்கைக்கும் பயன்படும், அதைக் கெடுக்கவும் செய்யும்.

தமிழ்நாட்டில் அடிதடிக்காக மட்டும் பணம் கேட்டு வரும் உரிமையியல் வழக்குகள் குறைவு. காரணம் தெரிந்ததே. போலீஸ் புகாருக்குக் கட்டணம் இல்லை, உரிமையியல் நீதிமன்றத்தில் தரும் பிராதுக்கு உண்டு. கடலோர ஊர்களில் ஊர்க் கமிட்டியும் பங்குத்தந்தையும் இடையில் வந்து பேசி முடித்துவிடுவதும் உண்டு. முன்பு தூத்துக்குடியிலிருந்த சாதித் தலைவருக்குக் கீழே ஊருக்கு ஊர் பட்டங்கட்டிகள் இருந்து வழக்குத் தீர்த்த கரை இது. அடிதடி இழப்பீடு பெரும்பாலும் வேறொரு வழக்கின் வாலாகத்தான் நீதிமன்றம் ஏறுகிறது. நிலம், பாதை, கடன், கூட்டுத் தொழில் என்று வழக்கு ஏதாவதாக இருக்கும், அதற்குள் ஒருநாள் அடி விழுந்திருக்கும்.

பிராதும் எதிருரையும்

உடலுக்கு இழைத்த தீங்குக்கான வழக்கை எங்கே போடுவது என்பதற்கு நடைமுறைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவே ஓர் அடியை எடுத்துக்காட்டாக வைக்கிறது. தில்லிக்காரர் ஒருவர் கொல்கத்தாவில் வேறொருவரை அடித்தால், அடிபட்டவர் இரண்டு ஊர்களில் எதில் வேண்டுமானாலும் வழக்குப் போடலாம். மணப்பாட்டில் அடித்தவர் தூத்துக்குடியில் குடியிருந்தால் வாதிக்குத் திருச்செந்தூரும் உண்டு, தூத்துக்குடியும் உண்டு. மாவட்ட உரிமையியல் நீதிமன்றமா, சார்பு நீதிமன்றமா என்பதைக் கேட்கும் தொகை முடிவுசெய்யும். பண வழக்குக்கான கட்டணம் தமிழ்நாட்டில் 7.5 விழுக்காடாக இருந்து 2017-இல் 3 விழுக்காடாகக் குறைந்தது.

அழைப்பாணை கிடைத்த 30 நாளில் பிரதிவாதி எதிருரை தரவேண்டும். நீதிமன்றம் 90 நாள்வரை நீட்டலாம். சாதாரண வழக்குகளில் அந்த 90-உம் இரும்புக் கோடு அல்ல என்று கைலாஷ் எதிர் நன்ஹ்கு வழக்கில் (2005) உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எதிருரையில் வழவழவென்று மறுப்பது ஒப்புக்கொண்டதற்குச் சமம். அடிதடி வழக்கில் பிரதிவாதிகள் விழும் குழி வேறு: “நான் தொடவே இல்லை” என்று முதல் பத்தியில் எழுதிவிட்டு, “தற்காப்புக்காகத்தான் அடித்தேன்” என்று நான்காம் பத்தியில் எழுதுவார்கள். மாற்று வாதமாக இப்படி எழுதத் தடை இல்லை. குறுக்கு விசாரணையில் நிற்கும் ஆளுக்குத்தான் அது கஷ்டம்.

இளையவர் தன் மணிக்கட்டுக்குப் பணம் கேட்க நினைத்தால், எதிருரையிலேயே ‘எதிர்க்கோரிக்கை’ என்று பிரித்துக் காட்டவேண்டும். அது ஒரு பிராதாகவே நடத்தப்படும். தனிக் கட்டணம் கட்டவேண்டும், தொகை அந்த நீதிமன்றத்தின் வரம்பைத் தாண்டக்கூடாது. மூத்தவர் அதற்கு ஓர் எதிருரை தாக்கல் செய்யலாம். சும்மா இருந்துவிட்டால் அந்தக் கோரிக்கையில் அவருக்கு எதிராகவே தீர்ப்பு வரலாம். “வழக்கே வேண்டாம்” என்று மூத்தவர் வாபஸ் வாங்கினாலும் எதிர்க்கோரிக்கை சாகாது, தனியே ஓடும்.

அதே சண்டையில் பிறந்த கோரிக்கையாகத்தான் இருக்கவேண்டும் என்பதும் இல்லை. மூத்தவர் வலைக் காசு கேட்டு மட்டும் வழக்குப் போட்டிருந்தால்கூட, இளையவர் அதற்குள் அடிக்கான இழப்பீட்டைக் கேட்கலாம். ஜக்மோகன் சாவ்லா வழக்கு (1996) இதைத் தெளிவாக்கியது. வழக்குப் போட்ட பிறகு, எதிருரை தருவதற்குள் வாதி ஆத்திரத்தில் மறுபடி கைவைத்தால் அந்த அடியும் உள்ளே வரும். குழப்பம் மிகுமென்று நீதிபதிக்குப் பட்டால் 6சி விதியின்படி அதைத் தனி வழக்காகப் பிரித்துவிடலாம். ஆனால் எதிர்க்கோரிக்கை வாதியை நோக்கித்தான் பாயவேண்டும். சக பிரதிவாதியை மட்டும் குறிவைத்து அதைக் கொண்டுவர முடியாது என்பது ரோஹித் சிங் வழக்கின் (2006) முடிவு. ஏழெட்டுப் பேர் கூடி அடித்துக்கொண்ட சண்டையில் இது சின்ன விஷயம் அல்ல.

எதிருரை கொடுத்தபின் நினைவு வந்தால்? அசோக் குமார் கல்ரா வழக்கில் (2019) மூன்று நீதிபதிகள் அமர்வு, எழுவினாக்கள், அதாவது வழக்கில் தீர்க்கவேண்டிய கேள்விகள், வனையப்படும்வரை நீதிமன்றம் தன் விருப்புரிமையில் அனுமதிக்கலாம் என்றது. ஒரு நீதிபதி மட்டும், மிக அரிதான சூழலில் வாதியின் சாட்சியம் தொடங்கும்வரை போகலாம் என்று தனியே எழுதினார்.

இரண்டு கடிகாரங்கள்

காலவரையறையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டத்தின் அட்டவணை, அவதூறுக்கும் சட்டவிரோத அடைப்புக்கும் ஓராண்டு என்று தனித்தனியே சொல்கிறது. அடிக்குத் தனி வரி கிடையாது. எஞ்சியவற்றுக்கெல்லாமான 113-ஆம் இனத்தின் கீழ் 3 ஆண்டு. பழைய 1908-ஆம் ஆண்டுச் சட்டத்தில் உடல் தீங்குக்கு ஓராண்டுதான் இருந்தது. எதிர்க்கோரிக்கையின் கடிகாரம் வாதி வழக்குப் போட்ட நாளில் நின்றுவிடுவதில்லை. 1963 சட்டத்தின் 3-ஆம் பிரிவுப்படி, எதிர்க்கோரிக்கை நீதிமன்றத்தில் வைக்கப்பட்ட நாளே அது தொடுக்கப்பட்ட நாள். மூத்தவர் மூன்றாம் ஆண்டின் கடைசி வாரத்தில் பிராதைத் தாக்கல் செய்தால், அழைப்பாணை இளையவர் கைக்கு வருமுன்பே அவருடைய உரிமை காலாவதியாகிவிடும். ஒரே அடிதடி, ஒருவருக்கு வழக்கு உண்டு, மற்றவருக்கு இல்லை. விதி அப்படி என்பது ஒருபுறம், நியாயம் என்று சொல்ல நாக்கு கூசுகிறது. தற்காப்பு என்ற மறுப்புவாதத்துக்கு மட்டும் காலாவதி கிடையாது.

வளைகுடாவின் மறுகரையில் இதே சண்டை நடந்தால் கணக்கே வேறு. டச்சுக்காரர்கள் 1658-இல் தூத்துக்குடியையும் பிடித்தார்கள், ஆனால் அவர்களுடைய ரோமன்-டச்சுச் சட்டம் இலங்கையில்தான் நிலைத்தது. அங்கே அடி என்பது உடம்பைவிட மானத்துக்கு நேர்ந்த இழுக்கு என்ற கோணத்தில் பார்க்கப்படும். வழக்குக்கு 2 ஆண்டுதான் அவகாசம். இந்தக் கரைக்கு வந்தது ஆங்கிலப் பொதுச் சட்டம்.

யார் முதலில் அடித்தது

ஆங்கில மரபில் கை ஓங்குவது ஒரு தவறு, கை படுவது இன்னொரு தவறு. துடுப்பை ஓங்கியதற்காக மட்டுமே இளையவர் வழக்குப் போட முடியும். ஆனால் ‘முதலில் யார்’ என்ற கேள்வி ஊரில் எடுபடும் அளவுக்கு நீதிமன்றத்தில் எல்லாவற்றையும் தீர்ப்பதில்லை. முதல் அடியைத் தடுக்கக் கொடுத்த அடி தற்காப்பு. ஆபத்து நீங்கியபின் கொடுத்தது பழிவாங்கல். தற்காப்பு என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்கவேண்டும், வந்த ஆபத்துக்குத் தேவையான அளவே கை நீண்டது என்றும் காட்டவேண்டும்.

1967-இல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்த லேன் எதிர் ஹாலோவே வழக்கு இதற்குப் பாடப்புத்தக உதாரணம். பக்கத்து உணவகத்தின் இரைச்சலால் மூண்ட பகை. 64 வயதுக்காரர் உணவகக்காரரின் மனைவியை இழிவாகப் பேசி, கணவரின் தோளிலும் தட்டினார். 23 வயதுக்காரர் திருப்பிக் குத்தியதில் கிழவரின் கண்ணருகே 19 தையல். கிழவரின் வாய்க்கொழுப்பைக் காட்டிக் கீழ் நீதிமன்றம் 75 பவுண்டு மட்டும் தந்தது. மேல் நீதிமன்றம் அதை 300 ஆக்கியது: தூண்டிவிட்டார் என்பதற்காகத் தண்டனை போன்ற கூடுதல் தொகையை மறுக்கலாம், காயத்துக்கான ஈட்டைக் குறைக்க முடியாது. இந்திய நீதிமன்றங்களுக்கு இது கட்டளை அல்ல, வழிகாட்டி.

ஆகவே ஓர் எதிர்க்கோரிக்கை வழக்கு நான்கு விதமாக முடியலாம். யாராவது ஒருவர் வெல்வது இரண்டு விதம். இருவரும் தோற்பதும் உண்டு, இருவரும் வெல்வதும் உண்டு. துடுப்பு வேண்டுமென்றே இறங்கியது, குத்தும் அளவுக்கு மீறியது என்று நீதிபதி கண்டால் பல்லுக்கும் மணிக்கட்டுக்கும் தனித்தனியே தொகை.

தொகையைக் கணக்கிடுவது வள்ளக்காரருக்குத் தனிச் சிக்கல். மாதச் சம்பளச் சீட்டு கிடையாது. எண்ணெய்ச் செலவு போக மிச்சத்தைப் பங்கு பிரிக்கும் தொழிலில், ஏலக்காரரின் நோட்டுதான் வருமானச் சான்று. அதில் எழுதியவரையே கூண்டில் ஏற்றினால்தான் நிற்கும். காயம்பட்டது மீன்பிடித் தடைக்காலத்தில், அதாவது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாளுக்குள் என்றால் விசைப்படகுக்காரர் வருமானம் இழந்தேன் என்று சொல்ல முடியாது. தடைக்கு உட்படாத நாட்டுப் படகுக்காரர் சொல்லலாம்.

குற்றவழக்கு ஓடிக்கொண்டிருந்தால்

இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கலாம். மதராஸ் மாநிலத்திலிருந்து போன எம். எஸ். ஷெரீப் வழக்கில் (1954) இரண்டு உதவி ஆய்வாளர்கள்மீது குற்றவழக்கும் இழப்பீட்டு வழக்கும் சேர்ந்து நின்றன. உச்ச நீதிமன்றம் குற்றவழக்கை முன்னே விட்டு மற்றதை நிறுத்திவைத்தது. ஆனால் எப்போதும் அப்படித்தான் என்று கெட்டி விதி எதையும் வைக்கவில்லை. குற்ற நீதிமன்றத்தில் விடுதலையானதால் இழப்பீட்டிலிருந்து தப்பிவிட்டதாக எண்ணுவது பெருந்தவறு. அங்கே ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கவேண்டும், இங்கே எது நம்பத்தக்கது என்பதே அளவு. ஒன்றின் முடிவு மற்றதைக் கட்டுப்படுத்தாது என்று இக்பால் சிங் மர்வா வழக்கில் (2005) ஐவர் அமர்வு கூறியது. ஆனால் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டு வந்தால், அந்த ஒப்புதல் இங்கே சாட்சியமாக வரும். “சின்னக் கேஸ்தானே, ஒத்துக்கிட்டுக் கட்டிட்டு வந்துரலாம்” என்ற யோசனை இங்கேதான் விலை கேட்கும். குற்ற நீதிமன்றம் ஏற்கெனவே இழப்பீடு வாங்கித் தந்திருந்தால் உரிமையியல் நீதிமன்றம் அதைக் கழித்துக்கொள்ளும்.

தீர்ப்புக்குப் பின்

வழக்கு நடக்கையில் வாதி வேறு காரணத்தால் இறந்தால், அடிக்கான உரிமை அவரோடு போய்விடும். 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 306-ஆம் பிரிவு அவதூறையும் அடியையும் மரணம் விளைவிக்காத உடல் தீங்கையும் வாரிசுக்கு இறங்கும் உரிமைகளிலிருந்து விலக்குகிறது. வலைக் காசு பிள்ளைகளுக்கு வரும், பல்லுக்கான காசு வராது.

எதிர்க்கோரிக்கை தள்ளுபடியானால் அதுவும் ஒரு தீர்ப்பாணை. தனியே மேல்முறையீடு செய்யாவிட்டால் அது இறுதியாகிவிடும் என்பது ரஜனி ராணி வழக்கு (2014). திருச்செந்தூரிலிருந்து தூத்துக்குடிக்கும், சட்டக் கேள்வி இருந்தால் 2004 முதல் மதுரையில் இயங்கும் உயர் நீதிமன்றக் கிளைக்கும் போகலாம். பணக் கோரிக்கை 25,000 ரூபாயைத் தாண்டாத வழக்குக்கு இரண்டாம் மேல்முறையீடு இல்லை. மக்கள் நீதிமன்றத்தில் பேசி முடித்தால் மேல்முறையீடே கிடையாது. கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும்.

இருவருக்கும் தொகை தீர்ப்பாகியிருந்தால் 21-ஆம் கட்டளையின் 19-ஆம் விதி குறுக்கே வந்து கணக்கை முடிக்கிறது. பல்லுக்கு 40,000, மணிக்கட்டுக்கு 55,000 என்றால் இளையவர் நிறைவேற்றத்துக்குக் கொண்டுபோகக் கூடியது மிச்சமுள்ள 15,000 மட்டுமே. இரண்டு தொகையும் சமமாக இருந்தால் யாரும் யாருக்கும் எதுவும் கொடுக்கவேண்டியதில்லை. இரண்டும் தீர்ந்ததாகத் தீர்ப்பாணையில் குறித்துவிடுவார்கள்.