சேப்பாக்கத்தில் வீசப்பட்ட முதல் பந்து

ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் 1934 நவம்பர் 4 அன்று சேப்பாக்கத்தில் தொடங்கி, அன்றே முடிந்தும் போனது. மைசூரின் 11 விக்கெட்டுகளை 35 ஓட்டங்களுக்கு வீழ்த்திய ஏ.ஜி. ராம் சிங்கின் ஆட்டமாகவே அது நினைவில் நிற்கிறது. ஆனால் அந்தக் கோப்பையின் முதல் பந்தை வீசியவர் எம்.ஜே. கோபாலன்.

செங்கல்பட்டுப் பக்கத்து மொரப்பாக்கத்தில் 1909இல் பிறந்து, திருவல்லிக்கேணியில் வளர்ந்தவர். மிதவேகப் பந்துவீச்சாளர். சென்னைக் கிரிக்கெட்டில் செல்வாக்கு மிக்கவரான சி.பி. ஜான்ஸ்டன் அவரைக் கண்டெடுத்து, பர்மா ஷெல் நிறுவனத்தில் வேலைக்கும் வழிசெய்தார். இந்த வேலையைச் சாதாரணச் செய்தியாகக் கடந்துவிட முடியவில்லை. அமெரிக்கப் பேஸ்பாலில் சின்சினாட்டி அணி 1869லேயே தன் ஆட்டக்காரர்களுக்கு வெளிப்படையாகச் சம்பளம் கொடுத்தது. இங்கிலாந்திலோ ஊதியம் பெறுவோர், பெறாதோர் என்ற சாதிப்பிரிவு 1962 வரை நீடித்தது. நம்மூரில் இரண்டுமில்லை; பந்து வீசுகிறவனுக்குக் கம்பெனியில் ஒரு நாற்காலி. போடியில் ஏலக்காய்க் கடைகளில் கணக்கெழுதிவிட்டு ஞாயிறுதோறும் மட்டை பிடிக்கும் இளைஞர்களுக்கு அந்த நாற்காலியின் மதிப்பைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

1934 ஜனவரியில் கல்கத்தாவில், ஜார்டின் தலைமையிலான இங்கிலாந்துக்கு எதிராக டெஸ்ட் ஆடினார். கிடைத்தது ஒரு விக்கெட். அதுவே அவருடைய ஒரே டெஸ்ட்டும் ஆயிற்று. மறு ஆண்டு தியான் சந்த்தின் ஹாக்கி அணியுடன் நியூசிலாந்து சென்றார். 1936இல் பெர்லின் ஒலிம்பிக்ஸா, இங்கிலாந்துக் கிரிக்கெட் பயணமா என்ற கேள்வி எழுந்தபோது கிரிக்கெட்டையே தேர்ந்தார்.

அந்தப் பயணம் சீரழிந்த கதை பலரும் அறிந்தது. அணித்தலைவர் விஜயநகரம் மகாராஜகுமார். லாலா அமர்நாத் பாதியிலேயே ஊருக்கு அனுப்பப்பட்டார். மூன்று டெஸ்ட்டுகளிலும் சேர்த்து 33 ஓட்டங்கள் எடுத்த தலைவருக்கு அந்தப் பயணத்தின்போதே சர் பட்டமும் கிடைத்தது. கோபாலனுக்கு ஒரு டெஸ்ட்டிலும் இடம் கிடைக்கவில்லை. ஆகஸ்ட் 15 அன்று ஓவல் மைதானத்தில் மூன்றாவது டெஸ்ட் தொடங்கியது. அதே நாளில் பெர்லினில் இந்திய ஹாக்கி அணி ஜெர்மனியை 8-1 என வென்று தங்கம் பெற்றது.

இதைக் கோபாலனின் பிழைக்கணக்காகச் சொல்வது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவரைக் கண்டெடுத்ததும் அவருக்குச் சோறிட்டதும் கிரிக்கெட்; அதன் அழைப்பைத் தட்டியிருந்தால்தான் வியப்பு. குறை சொல்ல வேண்டுமானால், அழைத்துச்சென்று ஓரமாய் உட்கார வைத்தவர்களைச் சொல்லலாம்.

1952-53 பருவத்தில் சென்னைக்கும் இலங்கைக்கும் இடையே கோபாலன் பெயரில் ஒரு கோப்பை தொடங்கியது. டெஸ்ட் தகுதி பெற 1981 வரை காத்திருந்த இலங்கைக்கு அதன் ஆட்டங்கள் அரிய பயிற்சிக்களமாயின. 2003 டிசம்பரில் கோபாலன் காலமானபோது, உயிருடனிருந்த டெஸ்ட் வீரர்களில் உலகிலேயே மூத்தவர் அவர்தான்.